அடியில் சிமெண்ட், மேலே பள்ளம்

சிங்கப்பூரில் சாலைப் பொருள் பரிசோதனைக் கூடத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். சிமெண்ட் கலந்து இறுக்கிய அடித்தளத்தின் மேல் போடும் தார் ரோட்டில் சக்கரத்தடப் பள்ளம் எவ்வளவு விழும் என்று முன்கூட்டியே கணிப்பது பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள்.

துவாஸில் சாலை வேலை பார்க்கும் தம்பி: அண்ணே, அடியில்தான் சிமெண்ட் போட்டு இறுக்கியாச்சே, அப்புறம் ஏன் லாரி வரிசை நிற்கும் இடத்தில் பள்ளம்?

இறுகியது அடித்தளம் தம்பி, தார் இல்லை. அடித்தளம் சுமையைப் பரப்பிவிடுவதால் கீழே மண் அமுங்குவது குறைவு. ஆனால் டயருக்கும் விறைத்த அடித்தளத்துக்கும் நடுவில் மாட்டிய தார், வாழையிலையில் தட்டும் வடை மாவு போல ஓரத்துக்குப் பிதுங்கும். சாலைக்குக் குறுக்கே ஸ்ட்ரெயிட்எட்ஜை, அதாவது வளையாத நேரான நீளச் சட்டத்தை, வைத்துப் பாருங்கள். பள்ளத்தின் இரு பக்கமும் மேடு எழும்பியிருந்தால் முதலில் தார்க் கலவையைச் சந்தேகப்படுங்கள். மேடே இல்லாமல் அகலமாகத் தாழ்ந்திருந்தால் அடியில் ஏதோ கோளாறு.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி: சார், இதற்குக் கணக்கு எப்படிப் போடுவது?

இந்த வகை அடித்தளம் சீனாவில் ஏராளம். அவர்களுடைய 2017 வடிவமைப்பு விதிமுறை இதற்கு நல்ல பாடம். தாரை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நிரந்தரமாக அமுங்கும் என்று பார்த்துக் கூட்டுவார்கள். கலவையின் குணத்தை ஆய்வுக்கூடத்தில் 60 பாகை சூட்டில், 0.7 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் 2520 முறை சக்கரம் ஓட்டி எடுப்பார்கள்.

அவர்களுடைய சூத்திரத்தில் அடுக்குக்குறிகளை, அதாவது எண்ணின் தலைமேல் சிறிதாக எழுதும் படி எண்களை, கவனியுங்கள். சுமை எண்ணிக்கைக்கு 0.48, வண்டி இரட்டித்தாலும் பள்ளம் சுமார் 1.4 மடங்குதான். வெப்பநிலைக்கு 2.93, அது 10 விழுக்காடு ஏறினாலே 1.32 மடங்கு! குளிர்நாட்டில் தாருக்குக் குளிர்காலத்தில் ஓய்வு கிடைக்கும். இங்கே வருடம் முழுவதும் வெயில், மதியத்தில் சாலை மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டும். அதனால் வெளியூர்க் குணகங்களை அப்படியே எடுத்துப் போட்டு வரும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

பேருந்து ஓட்டுநர்: நிறுத்தத்தில் மட்டும் ஏன் அதிகம்?

தார் ரொம்ப மெதுவாக ஓடும் திரவம் மாதிரி. சுமை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறதோ அவ்வளவு நகரும். பிரேக் வேறு தள்ளும். நிறுத்தங்கள் பலவற்றில் காங்கிரீட் தளம் போடுவது அதனால்தான்.

இன்னொருவர்: தாரை மெல்லிசாகப் போட்டால் பிரச்சினை தீருமா?

பிதுங்க இடம் குறையும், சரி. ஆனால் சிமெண்ட் அடித்தளம் காயும்போது சுருங்கி வெடிக்கும், மெல்லிய தாரில் அந்த வெடிப்பு சீக்கிரம் மேலே வந்துவிடும். அதன்வழி மழைநீர் இறங்கி அடித்தளத்தை அரித்தால் நம் கணிப்பெல்லாம் போச்சு. பாலிமர் கலந்த தாரை மேலடுக்குகளில் போட்டுத் தடிமனைக் குறைக்காமல் விடுவதே எனக்குப் பிடித்த வழி. செலவு கூடும்தான்.

அதே தம்பி: கணக்கில் 8 மில்லிமீட்டர் வந்தால் 8தானா?

கலவை நிலைகுலையாத வரை ஏறக்குறைய அவ்வளவு. அடர்த்தி போதாமல் போட்டிருந்தால் முதல் சில மாதத்திலேயே கூடுதலாக அமுங்கும். ரோலர் ஓட்டும் அன்று கலவையின் சூட்டை நீங்களே அளந்து எழுதி வையுங்கள்.