கைத்தொழில் தெரிந்தவருக்குக் காசு தருவது யார்?

கேள்வி: பொருளாதார மந்தம், மந்தம் என்று இதழுக்கு இதழ் எழுதுகிறீர்கள். கையில் ஒரு தொழில் இருப்பவன் எந்தக் காலத்திலும் பிழைத்துக்கொள்வான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பயப்பட வேண்டியவர்கள் எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள்தானே? கடைசல் பட்டறைக்காரரையும் தறிக்காரரையும் மந்தம் என்ன செய்துவிடும்?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: 'பிழைத்துக்கொள்வான்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அது உங்கள் மேல் இல்லை. நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் யாருக்கு எதுவும் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோமோ, அவரைப் பற்றித்தான் இந்த நாட்டில் இப்படிச் சொல்கிறோம். வங்கி சரிந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதில்லை. விமானக் கம்பெனி தள்ளாடினால் டெல்லியில் கூட்டம் போடுகிறார்கள். சிட்கோ என்ற அரசுத் தொழிற்பேட்டைக்குப் பின்னால் தகர ஷெட்டில் இரண்டு லேத், அதாவது கடைசல் மெஷின், வைத்திருப்பவர் மட்டும் தானே பிழைத்துக்கொள்ள வேண்டும்.

மந்தம் வந்தால் முதலில் வேலை நின்றுபோகும் என்று நினைக்கிறோம். பட்டறையில் முதலில் நிற்பது பணம். வேலை அதற்குப் பிறகுதான் நிற்கும். கோவையில் ஒரு மோட்டார் பம்ப் செட் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். வார்ப்படம் ஒரு ஃபவுண்டரியில், கடைசல் ஒரு பட்டறையில், ஷாஃப்ட் இன்னொன்றில், சாவிக்காடி வெட்டுவது வேறொன்றில் என்று பல கை மாறித்தான் அது பெட்டிக்குள் போகிறது. நடுவில் இருப்பவர்கள்தான் ஜாப் ஆர்டர்காரர்கள். இரும்பு கம்பெனியுடையது, வரைபடம் கம்பெனியுடையது, கூலி மட்டும் இவருடையது. விற்பனை குறைந்ததும் கம்பெனி செய்யும் முதல் காரியம் இவருடைய பில்லை ஓரமாக வைப்பது. முப்பது நாளில் வந்த பணம் அறுபது நாளாகும், பிறகு தொண்ணூறு. 'பில் இன்னும் பாஸ் ஆகலைங்க' என்று ஒருவர் போனில் சொல்வார்.

இவரோ அந்த வார்த்தையைத் தன் ஹெல்பரிடம் சொல்ல முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஷெட் வாடகை, கரண்ட் பில், டூல் பிட், ஆயில் எல்லாமே கைக்காசு. அதனால் நகை அடகுக்குப் போகிறது. நகை தீர்ந்ததும் வார வட்டிக்காரர் வருகிறார். அதிக வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தும் ரன் வட்டி, மீட்டர் வட்டி என்ற பெயர்களெல்லாம் பட்டறைத் தெருவில் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. இப்போது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். கோடிக்கணக்கில் விற்கும் கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருப்பது யார்? கந்து வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருக்கும் லேத்துக்காரர். மந்தத்தின் முதல் ஆறு மாதத்தைப் பெரிய கம்பெனிகள் தாண்டுவது இவர் தோளில் ஏறித்தான்.

இதற்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஒப்பந்தம் எதுவானாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. படிக்க எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! புகார் கொடுக்க 2017-இல் 'சமாதான்' என்று இணையதளமும் திறந்தார்கள். ஆனால் புகார் கொடுத்த மறுநாள் அந்தக் கம்பெனியிலிருந்து வேலை வராது. ஒருவருக்கு இரண்டே இரண்டு கம்பெனிதான் வேலை தருகிறது என்றால், ஒன்றின் மேல் வழக்குப் போடுவது பாதிப் பட்டறையைத் தானே மூடுவதற்குச் சமம். 2023-24 கணக்காண்டிலிருந்து வருமான வரியில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால் அந்த ஆண்டில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. நல்ல யோசனைதான். உடனே சில இடங்களில் என்ன ஆயிற்று? 'உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, அப்புறம் ஆர்டர் பேசலாம்' என்றார்கள். குறு, சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவுதான் உத்யம். கொடுக்க வேண்டியவருக்கும் வாங்க வேண்டியவருக்கும் நடுவில் பலம் சமமாக இல்லாத இடத்தில், வாங்க வேண்டியவரே போய் மணியடிக்கட்டும் என்று சட்டம் எழுதினால் மணி அடிக்காது. புகாருக்குக் காத்திருக்காமல் ஜி.எஸ்.டி. கணக்கிலிருந்தே பாக்கியைக் கண்டுபிடிக்கலாம். பில் எந்தத் தேதியில் போட்டது, எந்தக் கம்பெனிக்குப் போட்டது என்பதெல்லாம் அரசாங்கத்திடமே இருக்கிறது. இதை நான் பல முறை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன்.

தொழில் மாநாட்டு மேடைகளில் ஏறி 'திறமையான ஆள் கிடைப்பதில்லை' என்று சொல்பவர்களோடு எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆள் எங்கே போனார்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மூடிய பட்டறைகளில் எத்தனையோ பிறகு திறக்கவே இல்லை. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடும் லேத் ஓட்டும் டர்னர் வாடகை வண்டி ஓட்டப் போனார், சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கப் போனார். அந்தக் கைப்பழக்கம் ஒருவருக்கு வர ஆறேழு வருடம் ஆகும், போக ஆறேழு மாதம் போதும். அவர் போனது மட்டும் நஷ்டமில்லை. அவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, நின்று பார்த்துக் கற்க வேண்டிய பையனும் வராமல் போனான். மந்தம் முடிந்து ஆர்டர் வரும்போது எந்தக் கம்பெனி பில்லை நிறுத்தி வைத்ததோ அதே கம்பெனிதான் ஆளைத் தேடுகிறது. மேடையில் ஏறி இளைஞர்களைக் குறை சொல்கிறது.

உங்கள் பயத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. மாதச் சம்பளக்காரருக்கும் மந்தம் கொடுமைதான். ஆனாலும் இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவருக்கு வேலை போனால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 90 நாள் வரைக்கும் ஓர் உதவித்தொகை உண்டு. 2020-இல் அதைச் சராசரிக் கூலியில் பாதியாக உயர்த்தினார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறை பொதுவாக இ.எஸ்.ஐ. வளையத்துக்குள்ளேயே வராது. நான்கு பேர் வேலை செய்யும் ஷெட்டில் வேலை போனது என்று எழுதி வைப்பதற்கு ஒரு பேரேடுகூடக் கிடையாது.

பேரேடு என்றதும் நாட்டின் கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அந்த நவம்பர், டிசம்பரில் ரொக்கத்தில் கூலி கொடுத்துப் பழகிய பட்டறைகளும் தறிகளும் என்ன பாடு பட்டன என்பது எந்தத் தொழில் ஊரில் கேட்டாலும் தெரியும். அந்த 2016-17-ஆம் ஆண்டுக்கு அரசின் திருத்திய கணக்குப்படி வளர்ச்சி எட்டு சதவீதத்துக்கு மேல்! யாரும் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கு எடுக்கும் முறை அப்படி. பதிவில்லாத சிறு தொழில்களை அப்போதெல்லாம் வருடா வருடம் நேரில் போய் எண்ணவில்லை. எப்போதோ எடுத்த கணக்கை அடியில் வைத்து, பெரிய நிறுவனங்களின் போக்கைப் பார்த்து மதிப்பிடுவார்கள். பெரியது வளர்ந்தால் சிறியதும் வளர்ந்ததாக ஆகிவிடும். சிறியவரின் வியாபாரத்தைப் பெரியவர் பிடுங்கிக்கொண்டாலும் ஏட்டில் இரண்டு பேருமே வளர்ந்திருப்பார்கள். 2015-16-இல் இந்தத் தொழில்களுக்கு ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. அடுத்த முழு ஆண்டுக் கணக்கு 2021-22-க்குத்தான். பணமதிப்பு நீக்கம், ஜி.எஸ்.டி., கொரோனா மூன்றும் அந்த இடைவெளிக்குள் வந்து போய்விட்டன. அடிபட்டவர் எண்ணிக்கையிலேயே இல்லையென்றால் நிவாரணம் யார் பெயருக்கு வரும்?

வந்த நிவாரணத்தையும் பாருங்கள். 2020 மே மாதம் மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் அறிவித்தார்கள். பிப்ரவரி 29 அன்று வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ அதில் 20 சதவீதம் கூடுதல் கடன். அதாவது ஏற்கெனவே வங்கிக் கடன் இருப்பவருக்குத்தான் அந்தக் கதவு. வங்கிப் படியே ஏறாமல், நகையை வைத்தும் சீட்டு எடுத்தும் லேத் வாங்கியவருக்கு அதில் இடமில்லை. யாருக்குமே கடன்படக் கூடாது என்று மானத்தோடு தொழில் செய்தவர் அந்தக் காரணத்துக்காகவே வெளியே நிற்க வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

கரண்ட் பில்லுக்கு வருகிறேன். தாழ்வழுத்தத் தொழில் இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்த நிலைக் கட்டணம் 2022 செப்டம்பரில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இது மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது. ஆர்டர் இல்லாமல் லேத்துக்குச் சாக்கைப் போர்த்தி வைத்திருக்கும் மாதத்திலும் கட்ட வேண்டும். 2023 செப்டம்பரில் குறு, சிறு தொழில் அமைப்புகள் மாநிலம் முழுக்க ஒரு நாள் கதவடைப்பே நடத்தின. சில சலுகைகள் வந்தன, அடிப்படை மாறவில்லை.

தறிக்காரரைப் பற்றியும் கேட்டீர்கள். சோமனூர், பல்லடம் பக்கம் பெரும்பாலான விசைத்தறிகள் கூலிக்கு ஓடுகின்றன. பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். தறி, ஷெட், கரண்ட், ஆள் எல்லாம் தறிக்காரர் பொறுப்பு. கூலி உயர்வு பேசி முடித்த பிறகும் அதை வாங்க முடியாமல் 2022-லும் 2025-லும் வாரக்கணக்கில் தறியை நிறுத்திப் போராடினார்கள். சந்தை சரியில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி, பேசிய கூலியை மறுநாளே குறைக்கிறார்கள். தறி நின்றால் தறிக்காரரோடு போகாது. பாவு பிணைப்பவர், தறி மெக்கானிக், நூல் வண்டி ஓட்டுபவர், முனையில் டீக்கடை வைத்திருப்பவர், வாரச் சந்தையில் காய் விற்பவர் என்று ஊரே ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்கிறது. திருப்பூரில் அமெரிக்க ஆர்டர் குறைந்தாலும் இதே கதைதான். 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. செய்தியில் ஏற்றுமதியாளரின் நஷ்டத்தைக் கோடிகளில் சொன்னார்கள். செக்கிங், மடிப்பு, பிசிறு வெட்டும் வேலைக்குப் போகும் பெண்களின் வாரக் கூலி எத்தனை ஷிஃப்ட் குறைந்தது என்று எந்தச் சேனலும் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட தறி ஊர்களுக்கு இன்னொரு வஞ்சனையும் உண்டு. இவற்றில் பல பேரூராட்சிகள். 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான் பொருந்தியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊராட்சி, இந்தப் பக்கம் பேரூராட்சி. இரண்டு பக்கமும் ஒரே தறி, ஒரே பசி. தறி நின்ற மாதத்தில் அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு ஏதோ ஒரு வேலை கேட்கும் உரிமை இருந்தது, இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு இல்லை. எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்காதே என்று மக்கள் மறியல் செய்யும்போது நகரத்தில் இருப்பவர்களுக்கு விசித்திரமாகத் தெரிகிறது. அவர்களுடைய முதல் கோரிக்கையைப் படித்தால் காரணம் தெரிந்துவிடும். தமிழக அரசு 2022-இல் நகர்ப்புற வேலைத் திட்டம் ஒன்றை 100 கோடி ரூபாயில் தொடங்கியது. அதை நான் அப்போதே பாராட்டினேன். ஆனால் முன்னோட்டம் என்று சொல்லித் தேர்ந்தெடுத்த சில ஊர்களில் மட்டும் நடத்தினார்கள். அதை எல்லாப் பேரூராட்சிக்கும் கொண்டுபோக வேண்டும், அதுவும் வெயிலில் மண் வெட்டும் வேலையாக மட்டும் வைக்காமல். அரசுப் பள்ளி பெஞ்சுக்கு வெல்டிங், குடிநீர் மோட்டாருக்கு வைண்டிங், கட்டடங்களுக்கு வயரிங் என்று பழுதுபார்க்கும் வேலை ஒவ்வொரு ஊரிலும் மலையாகக் கிடக்கிறது. கைத்தொழில்காரருக்கு மந்தக் காலத்தில் அந்த வேலையைக் கொடுங்கள். செய்து முடித்த 15-ஆம் நாள் கூலியைக் கணக்கில் போடுங்கள். ஆர்டர் இல்லாத மாதத்துக்கு நிலைக் கட்டணத்தை நிறுத்தி வையுங்கள். பிழைத்துக்கொள்வதை அதற்குப் பிறகு அவர் பார்த்துக்கொள்வார்.