பனியாற்றை அளப்பது எப்படி? ஸ்வால்பார்டு களப்பணி: கேள்வி பதில்

(வடதுருவத்துக்கு அருகே, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள நி-ஓலெசுண்ட் என்ற சிற்றூரை ஒட்டிய பனியாறுகளைப் பற்றி வந்த கேள்விகள்.)

கேள்வி: பனியாறு எவ்வளவு உருகியது என்பதை எந்தக் கருவியால் அளக்கிறீர்கள், ஐயா?

பதில்: கழியால். சிரிக்காதீர்கள்! நீராவித் துளைப்பானால் பல மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு அலுமினியக் கழியை இறக்கிவிடுவோம். கோடை முடிந்ததும் எவ்வளவு கூடுதலாக வெளியே நிற்கிறது என்று டேப்பால் அளப்போம். பனிக்கட்டி நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே ஒரு மீட்டர் பனிக்கட்டி கரைந்தால், சுமார் 90 சென்டிமீட்டர் நீர் போனதாகக் கணக்கு. இங்குள்ள ஆஸ்ட்ரே ப்ரோகர்ப்ரேன் பனியாற்றின் வரவு செலவு (சேர்ந்த பனி, கரைந்த பனி) 1967 முதல் எழுதப்பட்டு வருகிறது.

கேள்வி: மின்னணுவியல் மாணவன் நான். ஒலியலை உணரி இருக்கும்போது கழி எதற்கு?

பதில்: மேலிருந்து பனிப்பரப்புக்கு ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் கருவி அது. எந்த நாளில் உருகியது என்று உணரி சொல்லும், அந்த அருமை கழிக்கு இல்லை. ஆனால் காற்று குளிர்ந்தால் ஒலியும் மெதுவாகும். பூஜ்ஜியம் டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர், மைனஸ் 20இல் சுமார் 319. இதைத் திருத்தாமல் விட்டால், இரண்டு மீட்டர் தூரத்தில் ஏழு சென்டிமீட்டர் பிழை வந்துவிடும். ஒரு ஜூலையில் எங்கள் உணரி, பனி உயர்ந்துகொண்டே போவதாகச் சொன்னது. போய்ப் பார்த்தால், உணரியின் தாங்குகாலே வெயிலில் சூடாகி, பனியை உருக்கிக் கீழிறங்கியிருந்தது. பக்கத்துக் கழிதான் எங்களைக் காப்பாற்றியது.

கேள்வி: ரேடார் பனியாற்றின் ஆழத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: ரேடியோ அலை பனிக்கட்டிக்குள் மைக்ரோநொடிக்கு ஏறக்குறைய 168 மீட்டர் ஓடும். இரண்டு மைக்ரோநொடியில் எதிரொலி வந்தால், போக ஒன்று, வர ஒன்று. ஆழம் 168 மீட்டர். தொல்லை தருவது நீர். இங்குள்ள பல பனியாறுகளில் மேலே உறைகுளிர்ப் பனிக்கட்டி, அடியில் உருகுநிலையில் ஈரம் கலந்த பனிக்கட்டி. ஈரம் அலையைச் சிதறடித்துப் படத்தைக் கலங்கலாக்கும். அதனால் ஆழம் காணத் தாழ்ந்த அதிர்வெண். மேற்பனியின் அடுக்குகளைக் காண 500 மெகாஹெர்ட்ஸ் போல உயர்ந்தது.

கேள்வி: தரவை புளூடூத்தில் எடுத்துவிடலாமே?

பதில்: அந்த ஊரில் கூடாது! தொலைதூர குவாசார்களை (மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்களை) கேட்கும் ரேடியோ தொலைநோக்கிகள் அங்கே உள்ளன. 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரை ரேடியோ மௌனம்; வைஃபையும் அணைத்தாக வேண்டும். கேபிள்தான். கைபேசியோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் வாரம் சிரமம்.

கேள்வி: பேட்டரி?

பதில்: லித்தியம் அயனி பேட்டரியை உறைகுளிரில் சார்ஜ் செய்யாதீர்கள், கெட்டுவிடும். கோட்டின் உள்பையில் வையுங்கள். குளிர்காலத்தில் ஏறக்குறைய நான்கு மாதம் சூரியத் தகடு வெறும் அலங்காரம்.

கேள்வி: இந்தியர்களுக்கு அங்கே இடம் உண்டா?

பதில்: உண்டு. 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: பனிக்கரடி?

பதில்: ஊர் எல்லையைத் தாண்டினால் துப்பாக்கியும் கருவிப் பட்டியலில் சேர்ந்துவிடும். ஒருவர் குனிந்து கழியை அளக்கும்போது இன்னொருவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அன்று வேறு வேலை கிடையாது.