புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் மூலக்கூறான டிஆர்என்ஏவை மாற்றியமைக்கும் நொதி வேலை செய்யாவிட்டால் நோய் வருமா?

வரலாம். சர்க்கரை நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் செல்களில் சிடிகேஏஎல்1 என்றொரு நொதி உண்டு. லைசின் அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் ஒரு டிஆர்என்ஏவில், ஆன்டிகோடானை (மரபுக் குறியீட்டோடு பொருந்தும் மூன்றெழுத்துப் பகுதி) ஒட்டிய 37ஆம் இடத்தில், கந்தகமும் மெத்திலும் சேர்ந்த ஒரு தொகுதியை அது சேர்க்கிறது. சேர்க்காவிட்டால், புரதம் கட்டும் ரைபோசோம் லைசின் கோடானை, அதாவது லைசினைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டை, தப்பாகப் படிக்க வாய்ப்பு அதிகம். இன்சுலினின் முன்வடிவமான புரோஇன்சுலினில் லைசின் இருப்பதே இரண்டு இடத்தில்தான். அதில் ஒன்று, வெட்டி இன்சுலினாக்கும் இடத்திலேயே! அங்கே தப்பு நேர்ந்தால் இன்சுலின் உருவாவதே தடைபடலாம். இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களில், இந்த நொதிக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு இன்சுலின் சுரப்பு குறைந்தது. இதே மரபணுவின் சில மாறுபாடுகள் மனிதர்களுக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது 2007இல் தெரியவந்தது. கூட்டும், அவ்வளவுதான், எடையும் மற்ற மரபணுக்களும் சேர்ந்துதான் நோய்.