ரோபோ அறுவையில் முன் அனுபவம் இல்லாத மருத்துவமனை, இரைப்பைப் புற்றுநோய்க்கு அதைப் பாதுகாப்பாகத் தொடங்க முடியுமா?

முடியும். ஆனால், லேப்பராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கேமரா பார்த்துச் செய்யும் அறுவை) வழியாக இரைப்பையை அகற்றுவதில் ஏற்கெனவே நன்கு தேர்ந்த குழு இல்லாத இடத்தில் தொடங்கவே கூடாது என்பது, இரைப்பை அறுவைக் குழுவில் பல ஆண்டுகள் பணியாற்றிய என் உறுதியான கருத்து.

ஜப்பானின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. அங்கே அறுவை மருத்துவரின் லேப்பராஸ்கோப்பித் திறனை, வெட்டித் தொகுக்காத காணொளியைப் பார்த்து மதிப்பிடும் தகுதித் தேர்வு 2004 முதல் நடக்கிறது. பின்னர் 330 நோயாளிகளைச் சேர்த்து ரோபோ வழி இரைப்பை அறுவையை ஆராய்ந்தபோது கடுமையான சிக்கல்கள் 2.45 விழுக்காடாகவே இருந்தன. ஒப்பிட எடுத்துக்கொண்ட முந்தைய லேப்பராஸ்கோப்பிக் கணக்கு 6.4 விழுக்காடு. 2018 ஏப்ரலில் இந்த ரோபோ அறுவைக்குக் காப்பீடும் கிடைத்தது. தேர்ந்த கைகள் பெற்ற இந்த எண்களைப் புதிய மருத்துவமனை தன் நோயாளியிடம் தன்னுடையவை போலச் சொல்வது தவறு.

எனக்கு மிகுந்த அச்சம் தருவது, இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம். அதன் மேல் விளிம்பில் உள்ள, புற்றுநோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது, மணிக்கட்டுப் போல வளையும் ரோபோக் கருவி கணையத்தை அழுத்தாமலே வேலை செய்ய உதவுகிறது. ஆனால் இப்போது பரவலாக உள்ள பெரும்பாலான கருவிகளில் தொடு உணர்வு மருத்துவரின் கைக்கு எட்டுவதில்லை. கேமராவின் பார்வைக்கு வெளியே ரோபோவின் ஒரு கரம் கணையத்தை நசுக்கினாலும் அப்போது தெரியாது, சில நாள் கழித்துக் கணையநீர் கசியும்போதுதான் தெரியும். திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கண்ணால் மட்டுமே அறியும் பழக்கம், நோயாளியிடம் வருவதற்கு முன்பே பயிற்சிக் கருவியில் கைவந்திருக்க வேண்டும்.

முதல் நோயாளிகள் தொடக்கநிலைப் புற்றுநோயும் மெலிந்த உடலும் உள்ளவர்களாக, இரைப்பையின் கீழ்ப்பகுதியை மட்டும் அகற்ற வேண்டியவர்களாக இருக்கட்டும். முழு இரைப்பையை அகற்றுவது பிறகு. மயக்க மருத்துவரும் செவிலியரும் உதவி மருத்துவரும் மாறக் கூடாது. பெருங்குருதி பாய்ந்தால் ரோபோவின் கரங்களைக் கழற்றி வயிற்றைத் திறப்பதை, கடிகாரம் வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும்.

வழிகாட்ட வரும் மூத்த மருத்துவர் கடைசித் தையல் வரை அறையில் இருப்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். 2015இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த ரோபோ இதய வால்வு அறுவையில், வழிகாட்டிகள் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள், நோயாளி இறந்தார்.

நோயாளியிடம் "உங்களுடையது எங்கள் மூன்றாவது அறுவை" என்று எண்ணைச் சொல்லியே சம்மதம் கேளுங்கள். 2016இல் வெளியான, லேப்பராஸ்கோப்பியோடு ஒப்பிட்ட கொரிய ஆய்வில் ரோபோவால் சிக்கல்கள் குறையவில்லை, நேரமும் செலவும் கூடின என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். லேப்பராஸ்கோப்பியே போதும் என்று அவர் முடிவெடுத்தால், அதே குழு அதே அக்கறையோடு அதைச் செய்ய வேண்டும்.