ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் காருக்குள் சைலன்சர் சத்தம் ‘உம்ம்’ என்று அதிர்வது ஏன்? டேம்பிங் ஷீட் ஒட்டினால் குறையுமா?

இதற்குப் பெயர் ஒத்ததிர்வு. இன்ஜினின் அதிர்வும், காரின் தகரமோ உள்ளிருக்கும் காற்றோ இயல்பாக அதிரும் வேகமும் ஒன்றாகும்போது சத்தம் பெருகிவிடும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 2400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2400 சுற்று) ஓடினால் நொடிக்கு 80 முறை எரிபொருள் எரிகிறது. சைலன்சர் வழியே வரும் சத்தத்திலும் அந்த 80 ஹெர்ட்ஸ் தூக்கலாக இருக்கும். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் பக்கம் ஈசிஆரில் ஒரே வேகத்தில் போகும்போது காதை அடைப்பது இதுதான். வேகத்தைச் சற்று மாற்றினால் அடங்கிவிடும்.

பித்தளை அண்டாவைத் தட்டிவிட்டு உள்ளங்கையை வைத்தால் ரீங்காரம் சட்டென்று நிற்குமல்லவா? டேம்பிங் ஷீட், அதாவது தகரத்தின் அதிர்வை அடக்க ஒட்டும் பியூட்டில் ரப்பர் ஷீட், செய்வதும் அதேதான். டிக்கித் தரை, ஸ்டெப்னிக் குழி, பின்சீட்டின் அடி ஆகிய இடங்களை விரலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று ஒலிக்கும் இடத்தில் ஒட்டுங்கள்; ‘டொக்’ என்றால் விட்டுவிடலாம். முழுக்க மூடுவது வீண் செலவு. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, ரோலரால் அழுத்தி ஒட்ட வேண்டும்.

ஆனால் முதலில் காரைத் தூக்கி அடியில் பாருங்கள். கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் சைலன்சர் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதைத் தாங்கும் ரப்பர்களும் நாளாவட்டத்தில் வெடித்துவிடும். ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம், அது உயிருக்கே ஆபத்து. அதைச் சரிசெய்த அப்புறம்தான் ஷீட்.

தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கீச்சுச் சத்தத்தைத்தான் உறிஞ்சும், நான்கு மீட்டருக்கும் மேல் அலைநீளமுள்ள இந்த 80 ஹெர்ட்ஸ் உறுமலை அது தடுக்காது.