கோஸ் பொரியல் நீலமாகிவிட்டது, கொட்டிவிடலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அடர் நிறக் காய்கறிகள் உடம்புக்கு நல்லது என்றார்களே என்று, கூடுதல் விலை கொடுத்து ஊதா முட்டைகோஸ் வாங்கினேன். பொரியல் நீலநீலமாக வந்து நிற்கிறது, வீட்டில் ஒருவரும் தொடவில்லை. கெட்டுப்போன காயா? நிறத்தில் நிஜமாகவே சத்து இருக்கிறதா?"

கெடவில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். ஊதா கோஸின் நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர். புளிப்பு பட்டால் சிவக்கும், காரத்தன்மை உள்ள தண்ணீர் பட்டால் நீலமாகும். போர் தண்ணீரில் வேகவைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், சிறுவாணித் தண்ணீராக இருந்தால் இவ்வளவு நீலம் ஏறியிருக்காது. அடுத்த முறை இறக்கியதும் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், கண்ணெதிரே நிறம் திரும்பும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினால் அந்த வேடிக்கைக்காகவே இரண்டு வாய் சாப்பிடுவார்கள். ஆனால் வேகவைத்த தண்ணீரை மட்டும் வடித்துக் கொட்டாதீர்கள், இந்த நிறமி தண்ணீரில் கரைவது, பாதி சத்து சிங்க்கில் போய்விடும்.

சரி, நிறத்தில் சத்து? இருக்கிறது. வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி தயாரிக்கும் பொருட்களில் இந்த நிறமிகளும் உண்டு. ஊதா கோஸில் சாதாரண கோஸைவிட வைட்டமின் சி-யும் கூடுதல். அதற்காக விலை உயர்ந்த காய்தான் வேண்டும் என்றில்லை. கத்தரிக்காயின் தோலில் இருப்பதும் ஆந்தோசயனின்தான், தோலைச் சீவாமல் குழம்பில் போட்டால் கரைவதும் குழம்போடு உள்ளே போய்விடும்.

பீட்ரூட்டின் சிவப்பு வேறு வகை. அதோடு அதில் நைட்ரேட் நிறைய உண்டு, ரத்தக் குழாய்கள் விரிய உதவி ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்கும் ஜூஸ் அல்ல அது! மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் சிலர் பதறிவிடுகிறார்கள், பீட்ரூட் சாப்பிட்டதால் என்றால் பயம் வேண்டாம். சாப்பிடாமலே போனால்தான் டாக்டரிடம் ஓட வேண்டும்.

என்னைக் கேட்டால் முதலிடம் முருங்கைக்கீரைக்குத்தான். அந்தக் கரும்பச்சைக்குள் கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் ஒளிந்திருக்கிறது, விழித்திரைக்கு வேண்டிய லூட்டினும் இருக்கிறது. இரண்டும் கொழுப்பில் கரைபவை, அதனால் எண்ணெயே இல்லாமல் வெறுமனே அவித்த கீரையைச் சாப்பிட்டு 'டயட்' இருப்பவர்களுக்குப் பாதிப் பலன்கூடக் கிடைப்பது சந்தேகம். ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளியுங்கள், தேங்காய்த் துருவல் போட்டால் இன்னும் நல்லது. பச்சை நிறம் மாறாமலிருக்க சோடா உப்பு போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், நிறம் நிற்கும், வைட்டமின் சி போய்விடும்.

இரண்டு பேர் மட்டும் கவனிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் அளவையே குழப்பிவிடும். ஆக்சலேட் வகை சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட்டையும் பசலைக்கீரையையும் எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மீந்திருக்கும் அந்த நீலப் பொரியலில் புளித்த தயிரைக் கலந்து பச்சடியாக்கிவிடுங்கள். நீலம் போய் இளம் ஊதாவாகிவிடும், யாருக்கும் அடையாளம் தெரியாது.