நீலகிரி மலை ரயிலைப் படமெடுத்தல்: கேள்வி பதில்

கேள்வி: நீராவி எஞ்சின் முன்னால் வர, பெட்டிகள் பின்தொடரும் காட்சியை மேட்டுப்பாளையம் – குன்னூர் வழியில் எங்கே நின்று எடுக்கலாம்?

பதில்: மலையேறும் வண்டியில் அந்தக் காட்சி கிடைக்காது. இந்தப் பாதையில் எஞ்சின் சரிவின் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் சரிவில், இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு போய்விடாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. எஞ்சின் முன்வரும் படம் வேண்டுமானால் பிற்பகலில் இறங்கும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் மலை நிழல் பாதையின் பல இடங்களில் விழுந்துவிடும். இறங்கும் எஞ்சின் உழைப்பதில்லையாதலால் நீராவியும் தூணாக எழாது. எனவே காலையில் ஏறும் வண்டியையே தேர்ந்தெடுத்து, அது வளைவில் உங்களைக் கடந்த பிறகு பின்னாலிருந்து எடுப்பதே என் வழக்கம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஏறும் வண்டியில் முதலில் வருவது எஞ்சின் அல்ல, முகப்பில் பிரேக் ஊழியர் நிற்கும் பயணிகள் பெட்டி. எஞ்சினின் ஓசை பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து வருவதால், அதை வைத்துத் தொலைவைக் கணிப்பவர் ஏமாந்து போவார். தண்டவாளத்தில் இறங்காதீர்கள்.

கேள்வி: எந்தக் கேமரா வாங்கலாம்?

பதில்: கையில் இருப்பதே போதும். வாங்குவது பற்றிக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: எஞ்சினின் சக்கரங்களும் தண்டுகளும் இயங்குவதைப் படத்தில் எப்படிக் காட்டுவது?

பதில்: இன்று வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் உருவான இந்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் உண்டு. கீழ்ச் சிலிண்டர் வழக்கமான சக்கரங்களை ஓட்டுகிறது. மேலுள்ளது, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த, பல் வெட்டிய இரும்புச் சட்டமான பற்சட்டத்தில் பொருந்தும் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. சமதளத்தில் கீழ்ச் சிலிண்டர் மட்டும் வேலை செய்யும். மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த நிலையமான கல்லாறில் பற்சட்டம் தொடங்கியதும், கீழே ஒருமுறை உழைத்து வெளியேறும் நீராவியே மேலே சென்று மறுமுறை உழைக்கும். ஆகவே கல்லாறுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால், மேல் தண்டுகள் முதல் படத்தில் அசையாமலும் இரண்டாவதில் மங்கலாகவும் தெரியும். பற்சட்டப் பகுதியில் வண்டி மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்திலேயே ஊர்வதால், 1/30 நொடி ஷட்டர் வேகத்தில் கேமராவை வண்டியோடு நகர்த்தி எடுத்தால் உடல் தெளிவாகவும் தண்டுகள் கலங்கியும் வரும்.

கேள்வி: நீராவி வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது.

பதில்: எஞ்சினின் இருண்ட உடலைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நீராவியின் மிக வெளிச்சமான பகுதிக்கு அளவெடுத்து, ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாகப் பதிவு செய்து, இருளைப் பிறகு மீட்டுக்கொள்ளுங்கள். இருளில் விவரம் தங்கியிருக்கும். வெந்துபோன வெள்ளையில் எதுவும் இருக்காது.

கேள்வி: தண்டவாளத்தின் நடுவே நின்று சுரங்கப்பாதையைப் படமெடுக்கலாமா?

பதில்: கூடாது. முதல் பதிலைப் படியுங்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது தண்டனைக்குரிய குற்றம். கல்லாறு யானைகள் நடமாடும் இடம் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: இப்போது இங்கே எண்ணெயில் ஓடும் எஞ்சினில் அழகே இல்லை. நிலக்கரிக் காலத்தின் கரும்புகைதான் நீராவி ரயிலின் உயிர். ஓட்டுநரிடம் கேட்டால் கரும்புகை விடுவாரா?

பதில்: கேட்காதீர்கள். கரும்புகை என்பது காற்றுப் போதாமல் முழுதாக எரியாத எரிபொருள். எஞ்சினின் தீயைக் கவனிக்கும் நல்ல ஃபயர்மேன் அதைக் குறைக்கவே பாடுபடுவார். நீங்கள் அழகென்பது அவருக்கு வேலைக் குறை. பிரிட்டனின் பாரம்பரிய ரயில்களில் படக்காரர்களுக்கென்றே வாடகைக்கு ஓடும் வண்டிகளில் இப்படிப் புகை விடச் சொல்வதுண்டு. அது பணம் கொடுத்து நடத்தும் காட்சி. பயணிகள் நிறைந்த வண்டியில் அந்தப் புகை சுரங்கத்துக்குள் தேங்கி நிற்கும்.

மறுப்பு: காட்சிக்காகத்தானே யுனெஸ்கோ 2005இல் இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது? அப்படியானால் கணினியில் புகையைச் சேர்த்துக்கொள்கிறேன்.

பதில்: அறிவித்தது காட்சிக்காக அன்று, மலையேற்றத்துக்குப் பற்சட்டத்தால் கண்ட பொறியியல் தீர்வு இன்றும் இயங்குகிறது என்பதற்காக. கணினியில் புகை சேர்த்த படத்தை ஓவியம் என்று சொல்லி வெளியிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எண்ணெய் எஞ்சினின் மேல் நிலக்கரிப் புகையை ஒட்டி ஆவணம் என்று காட்டினால், நாளை இந்த எஞ்சின்களின் வரலாற்றை எழுதுபவர் அதை நம்பித் தவறாக எழுதுவார். வெண்மை வேண்டுமென்றால் குளிர்ந்த காலையில் போங்கள். வெளியேறும் நீராவி குளிர்காற்றில் நுண்துளிகளாகக் குளிர்ந்து நீண்ட நேரம் தங்கும். வெயில் ஏறினால் சில அடிகளிலேயே மறையும்.

மற்றொருவர்: நிலக்கரியே சரி என்ற நண்பரை ஆதரிக்கிறேன்.

பதில்: திருச்சியின் பொன்மலை ரயில்வே பணிமனை அண்மையில் நிலக்கரி எஞ்சினையும் கட்டியிருக்கிறது. அது ஓடும் நாளில் போய் எடுங்கள். இந்த வழக்கை இத்துடன் முடிக்கிறேன்.

கேள்வி: ஊட்டி வரை நீராவி எஞ்சின் வருமா?

பதில்: வழக்கமான பயணத்தில் வராது. குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின்.

கேள்வி: வடகிழக்குப் பருவமழையில் வரலாமா?

பதில்: நிலச்சரிவால் வண்டியை அடிக்கடி நிறுத்திவிடுகிறார்கள். சேவை உண்டா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: எஞ்சின் முன்னால் வரும் படத்தை எங்கே…

பதில்: முதல் பதில்.

கேள்வி: வண்டிக்குள் பயணம் செய்துகொண்டே எஞ்சினைப் பிடிக்க முடியுமா?

பதில்: ஏறும்போது கடைசிப் பெட்டியில் இடம் கிடைத்தால், வளைவுகளில் எஞ்சின் சன்னலுக்குள் வரும். பாதையில் 208 வளைவுகள் இருப்பதால் வாய்ப்புக்குக் குறைவில்லை. ஆனால் 16 சுரங்கங்களும் உண்டு. குடைந்த பாறை பெட்டியை ஒட்டியே செல்லும். கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டி, சன்னல் சட்டத்துக்குள்ளேயே வைத்து எடுங்கள். வழியிலுள்ள ஹில்குரோ நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது நடைமேடையில் இறங்கி நிதானமாக எடுக்கலாம். தின்பண்டத்தை மட்டும் பையில் வையுங்கள், அங்கே குரங்குகள் அதிகம்.